விடுபட்ட நாலு பக்கம்

மாணவியர் விடுதி,
ஹட்டன்.
08.09.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கொழும்பு வெக்கையில் உங்களுக்கு உடம்பு எப்படி? இங்கே பத்து நாளாகச் சாரல் விடவில்லை. காயப்போட்ட சட்டையை ஈரத்தோடு போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போகிறோம். அது தவிர எல்லாரும் சுகம். போன ஞாயிறு அம்மா வந்துபோனார். கம்பஸில் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லி உங்களுக்கு எழுதச் சொன்னார்.

நீங்கள் அனுப்பிய ரோபோப் போட்டி விதிப்புத்தகம் கிடைத்தது. ஆங்கிலப் புத்தகத்தை ஒரு மாதம் வைத்துக்கொண்டு நாங்கள் முழித்த முழிக்கு நீங்கள் தமிழில் எழுதி அனுப்பியது பெரிய உதவி. எங்களைப் பழக்கும் முத்துலிங்கம் சேர் ஆறு பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். தினமும் மாலை வகுப்பில் கோசலா சத்தமாக வாசிக்கிறாள், நாங்கள் திருப்பிச் சொல்கிறோம்.

அம்மாவுக்கு நான் போட்டியை விளக்கிய விதத்தைக் கேளுங்கள். பன்னிரண்டடி மேடை, நடுவில் வெள்ளைக் கோடு. ஒரு பக்கம் எங்கள் ரோபோ, மறுபக்கம் அவர்களுடையது. தரையில் கிடக்கும் ரப்பர் பந்துகளைப் பொறுக்கி, தன் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். இரண்டரை நிமிடம். அம்மா கேட்டுவிட்டு, "இது நாங்க கொழுந்து பறிச்சு கூடையில போடுற மாதிரிதானே, இதுக்கு எதுக்குடி கண்டி வரைக்கும் போறீங்க" என்றார்.

எங்கள் ரோபோவுக்கு வாத்து என்று பெயர். நடை அப்படி. நான் தலைவி, கோசலா நிரல் எழுதுகிறாள், லோஜினி ரிமோட் பிடித்து ஓட்டுகிறாள். நம் தோட்டத்து ஜீவராணி அக்கா மகள் லோஜினியேதான். அவள் கையில் வாத்து பறக்கிறது.

எல்லாருக்கும் பிடித்தது ஒன்பதாம் விதி. 'கோட்டைத் தாண்டிப் போய் எதிர் அணியை மறிக்கக் கூடாது. அடுத்தவர் நிரையில் ஏறக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே.' நிரை என்று நீங்களே போட்டதுதானே? ஒரே தடவையில் புரிந்துவிட்டது. மலையில் ஒருத்தி பிடித்த தேயிலை வரிசையில் இன்னொருத்தி கை வைத்தால் என்ன சண்டை வரும் என்று தெரியாத பிள்ளை எங்கள் குழுவில் இல்லை.

ஒரு சந்தேகம். சேரின் ஆங்கிலப் புத்தகம் நாற்பத்தொரு பக்கம். உங்களுடையது இருபத்தெட்டுதான். எழுதச் சோம்பல்பட்டீர்களா?

ஞாயிற்றுக்கிழமை விடுதிப் போனில் மூன்று நிமிடம்தான். பின்னால் பதினைந்து பேர் நின்று கேட்பார்கள். அதனால் கடிதமே எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
கேஷிகா

*

கொழும்பு
20.09.2024

அன்புத் தங்கை கேஷிகாவுக்கு,

நான் சுகம். நீயும் அம்மா அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். ஈரச் சட்டை போடாதே, சளி பிடித்தால் உனக்கு ஒரு மாதம் போகாது.

வாத்து என்ற பெயரைக் கேட்டு என் அறையில் இருப்பவனும் சிரித்தான். பக்கம் குறைந்தது பற்றிக் கேட்டிருந்தாய். படங்களை விட்டுவிட்டேன், எழுத்தும் சின்னதாக அடித்தேன். தேவையானது எல்லாம் இருக்கிறது. அதை நம்பிப் பயிற்சி செய்யுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் வை. கண்டிக்கு வருகிறவை பெரிய பாடசாலைகள். ஆங்கிலத்தில் பேசுவார்கள், சீருடை மினுங்கும். உங்களைப் பார்த்ததும் எந்த ஊர் என்று கேட்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுக்காதீர்கள். வென்றாலும் தோற்றாலும் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். லோஜினி கொஞ்சம் துடுக்கு. அவளைப் பார்த்துக்கொள்.

அம்மாவிடம் நான் இரண்டு வேளை சோறு சாப்பிடுகிறேன் என்று சொல்.

அண்ணன்,
கோகுலராஜ்

*

ஹட்டன்
23.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை. காய்ச்சல் இல்லை, கோபம். சனிக்கிழமை போட்டி முடிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதல் மூன்று ஆட்டமும் வென்றோம். அரையிறுதியில் கண்டியில் உள்ள ஒரு பெரிய பாடசாலை வந்தது. அவர்களுடைய ரோபோ வாத்தைப் போல இரண்டு மடங்கு. பெரிய ஆட்களின் கண்ணியத்தைக் கேளுங்கள்: மூன்று தடவை கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து கூடைக்கு முன்னால் மறித்து நின்றார்கள். நடுவர் விசில் ஊதவே இல்லை. பெரிய இடத்துப் பிள்ளைகள் என்றால் விதிகூட ஒதுங்கி வழிவிடும் போலிருக்கிறது.

அதையும் பொறுத்துக்கொண்டு ஆடினோம். கடைசி முப்பது விநாடி. நாங்கள் பதினான்கு, அவர்கள் பதினொன்று. அவர்களிடம் நாலு பந்து இருந்தது. போட்டால் எங்கள் கதை முடிந்தது. அப்போது லோஜினி வாத்தைக் கோட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய் அவர்களுடைய கூடைக்கு முன்னால் நிறுத்திவிட்டாள்! "லோஜினி, திரும்பு!" என்று கத்தினேன். திரும்பினாள், மறுபடியும் போனாள். மணி அடித்துவிட்டது. மண்டபமே கைதட்டியது. எனக்கு மேடையிலிருந்து குதித்து ஓடலாமா என்று இருந்தது.

முத்துலிங்கம் சேர் நேரே நடுவர் மேசைக்குப் போனார். உங்கள் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்து, "அப்பி வெரதி" என்று சிங்களத்தில் தப்பை ஒத்துக்கொண்டார். எங்கள் பிள்ளை விதியை மீறிவிட்டாள், இந்த வெற்றி எங்களுக்கு வேண்டாம் என்றார். நடுவர், "ஆர் யூ ஷுவர்?" என்று இரண்டு தடவை கேட்டார். தன்னுடைய புத்தகத்தைத் திறந்து எதையோ காட்டவும் பார்த்தார். சேர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். அந்தக் கண்டிப் பாடசாலை ஆசிரியர் வந்து சேரின் கையைக் குலுக்கிவிட்டு, தன் பிள்ளைகளை அவசரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் இறுதிக்குப் போனார்கள், நாங்கள் பஸ் ஏறினோம்.

சேரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. லோஜினியை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது. மன்னிப்புக் கேள் என்றோம், கேட்கவில்லை. பஸ்ஸில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "நீ அடுத்தவங்க நெரையில ஏறி எங்க மானத்த வாங்கிட்ட." அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அவுங்க மூணு தடவ ஏறுனாங்களே, அப்ப எங்க போச்சு ஒங்க மானம்?" என்றாள். கள்ளன் திருடினான் என்று நாமும் திருடலாமா அண்ணா?

தீபாவளிக்கு வீட்டுக்கு வாருங்கள். நேரில் எல்லாம் சொல்கிறேன்.

கேஷிகா

*

கொழும்பு
16.11.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் தணிந்திருக்கும், உடம்பும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. தீபாவளிக்கு வர முடியவில்லை, பரீட்சை. பதில் எழுதவும் பிந்திவிட்டது.

நடந்தது நடந்துவிட்டது. லோஜினியை அதிகம் திட்டாதே. ஒரு விளையாட்டு, அதில் ஒரு சின்ன விஷயம்.

ஒன்று கேட்க வேண்டும். நடுவர் சேருக்குக் காட்ட வந்தது எந்தப் பக்கம் என்று பார்த்தாயா? சேர் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாரா, தமிழ் மட்டும்தானா? சும்மாதான் கேட்கிறேன்.

பனி தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு படி.

கோகுலராஜ்

*

மேல் டிவிசன்,
பொகவந்தலாவை.
26.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பாடசாலை விடுமுறை, வீட்டில்தான் இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு வழக்கமான இருமல், எனக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் போனில் பேசலாம்தான். பேசினால் நீங்கள் "சாப்டேன், நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சின்ன விஷயமா? இரண்டு மாதம் இருட்டும் வரை உட்கார்ந்து விதியைப் பாடமாக்கிவிட்டு, வென்ற ஆட்டத்தை நேர்மைக்காக விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அதை நீங்கள் சின்ன விஷயம் என்று எழுதினால் எனக்கு எப்படி இருக்கும்? நாங்கள் விட்டது நியாயம் என்று ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வரவில்லையே.

லோஜினியைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். காலைக் கூட்டத்தில் பாடசாலை அதிபர் பெயர் சொல்லாமல் சொன்னார், எல்லாருக்கும் யார் என்று தெரியும். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதியை விட்டுப் போனவள் திரும்பி வரவில்லை.

இங்கே வந்து பார்த்தால் தோட்டம் முழுக்கக் கதை பரவியிருக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது நான்தான் அம்மாவிடம் சொன்னேன், அம்மா மலையில் சொல்லியிருக்கிறார். காலைப் பெரட்டில் வேலை பிரிக்க நிற்கும்போது எல்லார் முன்னாலும் ஒருத்தி, "ஏன் ஜீவராணி, ஒம் மக கண்டிக்குப் போயும் அடுத்தவ நெரையில ஏறிட்டாளாமே" என்று கேட்டாளாம். ஜீவராணி அக்கா கூடையை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாராம். இருபது வருடமாக ஒருத்தி நிரையில் ஒரு கொழுந்து தொடாத பெண் என்று அம்மாவே சொல்லி வருத்தப்பட்டார்.

பொங்கல் முடிந்ததும் லோஜினியைக் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு அனுப்பப் போகிறார்களாம். கணக்கில் எப்போதும் என்னைவிடக் கூட வாங்குகிறவள். செய்த தப்புக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்குமா?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சேரிடம் தமிழ்ப் புத்தகம் மட்டும்தான் இருந்தது. நடுவர் காட்டிய பக்கம் தெரியாது. ஏன் கேட்கிறீர்கள்?

கேஷிகா

*

பொகவந்தலாவை
15.12.2024

அண்ணனுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். உங்களிடமிருந்து பதில் இல்லை.

வாத்தை விடுமுறைக்குப் பத்திரமாக வைக்க நோர்வூட்டுக்கு, சேர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சும்மாதான் கேட்கிறேன் என்று நீங்கள் எழுதியது மனதில் கிடந்து அரித்தது. ஆங்கிலப் புத்தகத்தை இரவல் கேட்டு வாங்கிவந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன்.

முப்பத்தோராம் பக்கத்திலிருந்து முப்பத்து நாலாம் பக்கம் வரை மறிப்பதைப் பற்றி மட்டுமே இருக்கிறது. எதிர் அணியின் பக்கம் போகலாம். வழியை மறித்து நிற்கலாம். ஐந்து விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. விலகி மூன்றடி பின்னால் போக வேண்டும், பிறகு மறுபடியும் வரலாம். கவிழ்க்கக் கூடாது, கொக்கி போட்டு இழுக்கக் கூடாது. நான் வாசித்தது சரியா?

சரியென்றால் இந்த நாலு பக்கம் உங்கள் தமிழில் எங்கே? 'அடுத்தவர் நிரையில் ஏறக் கூடாது' என்ற வரி ஆங்கிலத்தில் எந்தப் பக்கம்?

உடனே எழுதுங்கள்.

கேஷிகா

*

கொழும்பு
22.12.2024

அன்புத் தங்கைக்கு,

சுகம் விசாரிக்கும் தகுதி இப்போது எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் அம்மாவின் முழங்கால் எப்படி என்று எழுது.

நீ வாசித்தது சரி. அந்த நாலு பக்கத்தையும் நான் மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். ஒன்பதாம் விதி நானாக எழுதியது.

ஏன் என்று சொல்கிறேன். கம்பஸுக்கு வந்த முதல் மாதம், சாப்பாட்டு வரிசையில் ஒருவன் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். நான் விடாமல் குறுக்கே நின்றேன். நியாயம் என் பக்கம். ஆனால் பின்னால் நின்றவன், "தோட்டக்காட்டான் புத்தி" என்றான், தமிழ்ப் பையன்தான். வரிசையே சிரித்தது. தள்ளியவனை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் எங்கேயும் யாருக்கும் குறுக்கே நிற்பதில்லை. அந்த நாலு பக்கத்தையும் வாசித்தபோது எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வந்தது. பெரிய பாடசாலைப் பிள்ளைகள் மறித்தால் அது திறமை. நீங்கள் மறித்தால் ரவுடித்தனம் என்பார்கள். உங்களுக்கு அந்தப் பேச்சு வர வேண்டாம் என்று நினைத்தேன். நல்ல பிள்ளைகள் என்று பெயர் எடுத்து வருவீர்கள் என்று நினைத்தேன்.

சேர் புத்தகத்தைக் கொண்டுபோய் வென்றதைத் திருப்பிக் கொடுப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. உன் அக்டோபர் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எழுத உட்காருவேன், எழும்பிவிடுவேன்.

சேருக்கு நீ சொல்லாதே. பொங்கலுக்கு வந்து நானே சொல்கிறேன்.

கோகுலராஜ்

*

ஹட்டன்
02.01.2025

அண்ணனுக்கு,

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சுகம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

சேருக்குச் சொல்லிவிட்டேன். பொங்கல் வரை வைத்திருக்க இது கரும்பு இல்லை. அவர் வீட்டுக் கதவு திறந்ததும் புத்தகத்தைக் கையில் கொடுத்து முப்பத்திரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். "ஜெயிச்ச மேட்ச நானே கொண்டுபோய் குடுத்துட்டு வந்திருக்கேனேம்மா. அந்தப் புள்ளைய நிமிந்து பாக்கவும் விடலையே" என்றார். ஐம்பத்தாறு வயது மனிதர் என் முன்னால் அழுதார். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களை ரவுடி என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தீர்களாம். சொல்லட்டுமே! சொன்னவனிடம் புத்தகத்தைத் திறந்து காட்டியிருப்போம். காட்ட வேண்டிய பக்கத்தையே கிழித்துவிட்டு மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்று புத்தி சொன்னீர்களே, அது எந்த ஊர் நியாயம்? அந்தக் கண்டி ஆசிரியர் அவசரமாகக் கைகுலுக்கிவிட்டுப் போனாரே, அவருக்கு விதி தெரியும். தெரிந்துகொண்டே எடுத்துக்கொண்டு போனார். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டு நின்றேன். நினைக்க நினைக்க எரிகிறது. அந்தப் பிள்ளைகள் மறித்தது சரி, விலகியதும் சரி. இனாமாக வந்ததை வாயை மூடிக்கொண்டு வாங்கியதுதான் அசிங்கம். அவர்களும் உங்களைப் போலத்தான், தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

வரிசையில் உங்களைச் சொன்னவன் மேல் எனக்கும் கோபம்தான். அவனைக் கேட்காமல் விட்டது நீங்கள். அதற்குத் தண்டனை லோஜினிக்கா?

நான் உத்தமி என்று சொல்லவரவில்லை. பஸ்ஸில் அவளைக் கேவலமாகப் பேசியது என் வாய். தோட்டத்துக்குக் கதையைக் கொண்டுபோனதும் நான். அவள் வீட்டுக்குப் போகப் பாதிப் படி ஏறிவிட்டு இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டேன்.

சேர் போட்டிக் குழுவுக்கு எழுதுகிறார். நீங்களும் எழுதுங்கள். ஆங்கிலம் தெரிந்ததற்கு அதையாவது செய்யுங்கள்.

கேஷிகா

*

கொழும்பு
19.01.2025

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் நல்லபடியாக நடந்திருக்கும். எனக்கு நாலு நாள் காய்ச்சல், வர முடியவில்லை. இப்போது பரவாயில்லை.

போட்டிக் குழுவுக்கு எழுதினேன். பதில் வந்துவிட்டது. அணி தானாகவே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது, நடுவர் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்திருக்கிறார், ஆகையால் முடிவை மாற்ற முடியாதாம். லோஜினி மேல் விதிமீறல் எதுவும் பதிவாகவில்லை என்று தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தையும், விட்ட நாலு பக்கத்தின் தமிழையும் இதோடு வைத்திருக்கிறேன். ஒரு சொல்கூட விடவில்லை.

இரண்டையும் லோஜினியிடம் கொடுத்துவிடு. நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கோபத்தில் செய்தாலும் அவள் செய்தது தப்பில்லை என்று சொல்.

கோகுலராஜ்

*

ஹட்டன்
30.01.2025

அண்ணனுக்கு,

காய்ச்சல் விட்டது அறிந்து சந்தோஷம், அது உண்மைக் காய்ச்சலாக இருந்தால்.

போன சனிக்கிழமை லோஜினி வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை திரும்பவில்லை. ஜீவராணி அக்கா கதவைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஒற்றை அறைக் காம்பராவுக்குள் லோஜினி கொழும்புக்குக் கொண்டுபோகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான்தான் தப்பு" என்று மட்டும் சொன்னேன். பிறகு உங்கள் கடிதங்களை, செப்டம்பரிலிருந்து வந்த நாலையும், நாலு பக்கத்தையும், குழுவின் பதிலையும் அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் கொடுத்தது தப்பென்றால் தப்பாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் நின்றபடியே வாசித்தாள். வாசித்துவிட்டு உங்கள் விலாசத்தை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டாள்.

கேஷிகா

*

மேல் டிவிசன்,
பொகவந்தலாவை.
09.02.2025

கோகுல் அண்ணனுக்கு, லோஜினி எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம் என்று எழுத வேண்டும். அம்மா சுகமில்லை. பெரட்டுக்குப் போகும்போது ஓரமாக நிற்கிறார். நீங்கள் சுகமாக இருங்கள்.

நாலு கடிதத்தையும் வாசித்தேன். ஒன்றில் என்னைத் துடுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் என்னைத் திட்ட வேண்டாம் என்று சொல்கிறீர்கள். கடைசியில் என்னிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொல்கிறீர்கள். ஐந்து மாதமாக என்னைப் பற்றி நீங்களும் தங்கையும் எழுதிக்கொண்டிருந்தீர்கள். எனக்கு ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை. என் வீடு உங்கள் வீட்டுக்கு மேல் வரிசை லயத்தில்தான் இருக்கிறது, விலாசம் உங்களுக்குத் தெரியாததில்லை.

நான் கோபத்தில் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை. அந்தக் கண்டி ரோபோ முதல் தடவை வந்து மறித்தபோது நான் நடுவரைப் பார்த்தேன். அவர் கையை மடக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீட்டினார். ஐந்தாவது விரலுக்கு முன்னால் அவர்கள் விலகினார்கள். இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்து எண்ணும் வரை நிற்கலாம், அதனால்தான் விசில் இல்லை. உங்கள் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாலும் மேடையில் இருந்த விதி அதுதான். அதனால்தான் போனேன். நாலு எண்ணினேன், பின்னால் எடுத்தேன், மறுபடி போனேன். கேஷிகா திரும்பு என்று கத்தியதற்காகத் திரும்பவில்லை. நடுவர் எனக்கும் விரலை நீட்டினார், விசில் ஊதவில்லை. பஸ்ஸில் இதைச் சொல்ல வாயெடுத்தேன். சேர், "பேசாம இரு" என்றார். பிறகு ஒருத்தரும் ஏன் போனாய் என்று கேட்கவே இல்லை. எல்லாருக்கும் முன்னமே தெரிந்திருந்தது, நான் துடுக்கு.

ஆங்கிலம் தெரிந்த நீங்கள் மறைத்ததை, ஆங்கிலம் தெரியாத நான் ஆடிக்கொண்டே கண்டுபிடித்தேன். அதற்குத்தான் என்னைக் குழுவை விட்டு எடுத்தார்கள்.

நாங்கள் நல்ல பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள். அப்படி இருந்து தோற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவெடுத்துவிட்டீர்கள். எங்களைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எங்களுக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம்தான், வென்றுவிட்டுக் கேட்டுக்கொள்கிறோம் என்று சொல்லியிருப்பேன்.

நான் துணிக்கடைக்குப் போகவில்லை. அம்மாவுக்கு நாலு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நீ ஏறல" என்றார். "ஏறுனேன்மா, ஏறலாம்னுதான் எழுதியிருக்கு" என்றேன். அதற்குப் பிறகு துணிப்பெட்டியை அவரே எடுத்து மேலே வைத்தார். நாளைக்குத் திங்கட்கிழமை, பாடசாலைக்குப் போகிறேன். குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. வாத்தின் ரிமோட் எங்கே என்று கேட்கப் போகிறேன்.

உங்கள் மன்னிப்பைப் பற்றி. கேஷிகா வந்து சொன்னாள், அது அவளோடு. சேர் நேற்று வீட்டுக்கு வந்தார், அம்மா முன்னால் நின்று சொன்னார், அது போதும். நீங்கள் ஆள் அனுப்பிச் சொன்னது எனக்கு வேண்டாம். என் அம்மாவை ஊரார் கேட்டது கடிதத்தில் இல்லை, வாயால் கேட்டார்கள், பெரட்டில், நாற்பது பேர் நிற்கும்போது. அவர்கள் ஒருத்தரும் நீங்கள் தமிழில் எழுதியதை வாசிக்கப் போவதில்லை.

வருகிற சனிக்கிழமை காலை வேலை பிரிப்பதற்கு முன்னால் பெரட்டுக் களத்துக்கு வாருங்கள். நாற்பது பேரும் நிற்பார்கள், உங்கள் அம்மாவும் நிற்பார். விதியை மாற்றி எழுதியது நான், ஜீவராணி மகள் ஆடியது சரியான ஆட்டம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும். எங்களுக்கும் இருந்தது.

நானும் அம்மாவும் முன்வரிசையில் நிற்போம்.

ஜீ. லோஜினி